குவியலும் கோவையும்: ஹெர்மன் ஸ்டௌடிங்கரின் பெருமூலக்கூற்றுக் கொள்கை

1. முன்னுரை

பருத்தியும் பட்டும், மரமும் தோலும், அரிசி மாவும் ஆட்டு மயிரும் மாந்தர் வாழ்வில் தொன்றுதொட்டுப் பயின்றுவரும் பொருள்களாகும். இவற்றை நூற்கவும் நெய்யவும் பதப்படுத்தவும் சமைக்கவும் மனிதன் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னரே கற்றுக்கொண்டான். ஆயின், இவற்றின் உள்ளமைப்பு யாது என்பதனை அவன் ஐயமற உணர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயாம். செயற்கைப் பொருள்களின் வரலாறும் இத்தகையதே. அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டார். பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லியோ பேக்லண்ட் 1907-இல் 'பேக்லைட்' என்னும் பொருளை ஆக்கினார். தொழிற்சாலைகள் பெருகின. எனினும், தாம் ஆக்கும் பொருளின் மூலக்கூறு எத்தகையது என்று கேட்பின் விடை கூற வல்லார் ஒருவரும் இலர். தொழில் முன்னும் அறிவு பின்னுமாக அமைந்த வரலாறு இது.

அவ்வினாவிற்கு விடை கண்டவர் ஜெர்மானிய வேதியியலறிஞர் ஹெர்மன் ஸ்டௌடிங்கர். அவர் கண்ட விடை இன்று பள்ளி மாணவரும் அறிந்தது. ஆனால் அவர் அதனைக் கூறிய காலத்துப் புலமை மிக்க வேதியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்க மறுத்தனர். அவர்கள் மறுத்தமைக்கு அறியாமை காரணமன்று. 'மூலக்கூறு' என்னும் சொல்லின் எல்லை எது என்பது பற்றிய கருத்து வேறுபாடே காரணம். அவருடைய வாழ்வையும் பணியையும் தொகுத்துரைத்து, அக்கருத்து வேறுபாடு எவ்வாறு தீர்ந்தது என்பதனையும், அதனால் நம் கலைச்சொல்லாக்கத்திற்குக் கிடைக்கும் தெளிவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பிறப்பும் கல்வியும்

ஸ்டௌடிங்கர் 1881-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள வோர்ம்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் பிரான்ஸ் ஸ்டௌடிங்கர் மெய்ப்பொருளியலில் ஈடுபாடுடைய ஆசிரியர். இளைஞராயிருந்த ஹெர்மனுக்குத் தாவரவியலிலேயே நாட்டம் மிகுதி. தாவரங்களின் இயல்பை ஆழ்ந்தறிய வேண்டின் வேதியியலறிவு இன்றியமையாதது என்று பெரியோர் கூறிய அறிவுரையின்படி அவர் வேதியியல் பயிலத் தொடங்கினார். துணைக்கலையாகக் கருதிப் புகுந்த துறையே அவர்தம் வாழ்நாட்பணியாயிற்று. ஆயினும் உயிர்ப்பொருள்களின்பால் அவர் கொண்ட முதற்காதல் இறுதிவரை மறையவில்லை என்பதனைப் பின்னர்க் காண்போம்.

ஹாலே, டார்ம்ஸ்டாட், மியூனிக் ஆகிய இடங்களிற் பயின்று, 1903-இல் ஹாலேப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்து ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யோகான்னஸ் தீல என்னும் அறிஞரிடம் பணியாற்றுகையில், 1905-இல் 'கீட்டீன்' எனப்படும் வினைவேகம் மிக்க சேர்மங்களைக் கண்டறிந்தார். 1907-இல் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்ப உயர்கல்லூரியிற் பேராசிரியப் பதவி கிடைத்தது. 1912-இல் ரிச்சர்டு வில்ஷ்டேட்டர் வகித்த பதவிக்கு அடுத்தவராகச் சூரிச்சிலுள்ள கூட்டரசுத் தொழில்நுட்பக் கழகத்திற்குச் சென்றார்.

சூரிச்சில் அவர் செய்த பணிகள் பலதிறப்பட்டன. பூச்சிகளைக் கொல்லும் பைரித்திரம் என்னும் மலரின் வேதிப்பொருளை லியோபோல்டு ருசிச்காவோடு ஆராய்ந்தார். காப்பியின் நறுமணத்திற்குரிய பொருள்களைத் தாதேயுஸ் ரைக்ஸ்டைனோடு ஆராய்ந்தார். இவ்விருவரும் பின்னாளில் முறையே 1939-இலும் 1950-இலும் நோபெல் பரிசு பெற்றனர். மாணவரிருவர் பரிசு பெற்ற பின்னரே ஆசிரியர்க்கு அப்பரிசு கிட்டிற்று என்பது குறிப்பிடத்தக்கது. 1919-இல் அவர் வெளியிட்ட ஒரு வேதிவினை, அவர் பெயராலேயே 'ஸ்டௌடிங்கர் வினை' என வழங்குகிறது. அவ்வினையை அடிப்படையாகக் கொண்டு எண்பதாண்டுகட்குப் பின்னர் கரோலின் பெர்ட்டோசி உயிரணுக்களைச் சார்ந்த மூலக்கூறுகளை இணைக்கும் முறையொன்றை வகுத்தார். அவரும் 2022-இல் நோபெல் பரிசு பெற்றார். பெருமூலக்கூற்றுக் கொள்கையைக் கூறாதிருந்திருப்பினும் ஸ்டௌடிங்கர் புகழ்பெற்ற வேதியியலாராகவே விளங்கியிருப்பார் என்பது இவற்றாற் பெறப்படும். அத்தகையவர் நாற்பது வயதை நெருங்கும் காலத்தில், பிறர் 'பிசுக்கு' என்று ஒதுக்கிய பொருள்களின்பாற் கருத்தைச் செலுத்தலானார்.

3. குவியற் கொள்கை

அக்காலத்து நிலவிய கருத்தை முதற்கண் அறிதல் வேண்டும். ரப்பர், செல்லுலோசு, மாப்பொருள், புரதம் முதலியன நீரிலோ பிற நீர்மங்களிலோ கரைக்கப்படும்போது, உப்பும் சர்க்கரையும் போலத் தெளிந்த கரைசல் தருவதில்லை; பிசின் போன்ற கூழ்மமாகின்றன. இவற்றைக் காய்ச்சி வடித்தல் இயலாது. பெரும்பாலானவற்றைப் படிகமாக்கித் தூய்மை செய்தலும் அரிது. மூலக்கூற்றெடையை அளக்க முயலின் மிகப் பெரிய எண்கள் கிடைத்தன. ஒருமுறை கிடைத்த எண் மறுமுறை கிடைப்பதில்லை. நீரின் மூலக்கூற்றெடை 18. கரும்புச் சர்க்கரையின் மூலக்கூற்றெடை 342. பல்லாயிரம் எடையுள்ள ஒரு மூலக்கூறு இருத்தல் கூடும் என்பதனை இவ்வெண்களோடு பழகிய வேதியியலார் நம்பவில்லை. சேர்ம ஆக்கக்கலையின் தலைவராக மதிக்கப்பெற்ற எமில் பிஷர், தாம் அரிதின் முயன்று ஆக்கிய 4021 மூலக்கூற்றெடையுள்ள ஒரு பொருளை 1913-இல் அறிவித்தார். புரதங்களின் எடையும் ஏறத்தாழ ஐயாயிரத்தைக் கடவாது என்பதே அவர் கருத்து.

ஆதலின், இப்பொருள்களின் மூலக்கூறுகள் உண்மையிற் சிறியனவே. அவை ஒன்றையொன்று ஈர்த்துத் திரளாய்க் கூடுவதாலேயே பெரியனபோலத் தோன்றுகின்றன என்று பலரும் கொண்டனர். இதனை நாம் குவியற் கொள்கை எனலாம். கார்ல் ஹாரிஸ் என்னும் அறிஞர், ரப்பர் சிறிய வளைய மூலக்கூறுகளால் ஆயது என்றும், அவ்வளையங்களிலுள்ள இரட்டைப் பிணைப்புக்களில் எஞ்சி நிற்கும் பகுதி ஈர்ப்பே அவற்றைத் திரட்டி வைக்கிறது என்றும் விளக்கினார். எக்ஸ் கதிர் ஆராய்ச்சியும் இக்கொள்கைக்குத் துணைநிற்பது போலத் தோன்றிற்று. செல்லுலோசு முதலியவற்றின் படிக அலகு மிகச் சிறியது; மூலக்கூறு தான் அடங்கிய படிக அலகினும் பெரியதாதல் எங்ஙனம் என்று வினவினர். இவை எளிதில் ஒதுக்கத்தக்க வாதங்கள் அல்ல.

4. கோவைக் கொள்கை

1920-ஆம் ஆண்டு, ஜெர்மன் வேதியியற் கழகத்தின் ஆய்விதழில் ஸ்டௌடிங்கர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரப்பர், பாலிஸ்டைரீன், பார்மால்டிஹைடு திரிந்த திண்பொருள் ஆகியவற்றின் மூலக்கூறுகள், சிறு அலகுகள் ஒன்றோடொன்று சாதாரண வேதிப் பிணைப்பினாலேயே தொடுக்கப்பட்ட நீண்ட சங்கிலிகள் என்று அதன்கண் நிறுவ முற்பட்டார். புதியதொரு விசையையோ விளங்காததோர் ஈர்ப்பையோ அவர் கற்பிக்கவில்லை. சர்க்கரையிலும் சாராயத்திலும் அணுக்களை இணைக்கும் அதே பிணைப்பே ரப்பரிலும் இணைக்கிறது. வேறுபாடு நீளத்தில்தான் என்பதே அவர் கூற்று. பொருள்களின் தனித்தன்மைக்கு வேறெதனையும் கற்பியாது அறிந்ததொன்றைக் கொண்டே விளக்கியமை இக்கொள்கையின் சிறப்பாகும்.

இவ்விரு கொள்கைகளின் வேறுபாட்டை நம் இலக்கணத்தைக் கொண்டு விளக்குதல் எளிது. 'வருக வருக' என்பது அடுக்குத்தொடர். அதனைப் பிரித்தாலும் ஒவ்வொரு சொல்லும் தன் பொருளோடு தனித்து நிற்கும். 'சலசல' என்பது இரட்டைக்கிளவி. அதனைப் பிரித்தால் 'சல' என்பது பொருள் தாராது. ஆதலின் இரண்டாய்த் தோன்றினும் அது ஒரு சொல்லேயாம். ரப்பர் ஓர் அடுக்குத்தொடர் என்றனர் பழைய கொள்கையினர். இரட்டைக்கிளவி போன்ற ஒருமைப் பொருள் என்றார் ஸ்டௌடிங்கர். குவியலைப் பிரித்தால் முன்னிருந்த பொருளே சிறு அளவிற் கிடைக்கும். கோவையை அறுத்தாலோ வேறொரு பொருளே கிடைக்கும். உவமை முற்றும் பொருந்தாதெனினும் வேறுபாட்டின் உயிர்நிலை இதுவே.

5. சான்றுகள்

கருத்தளவில் நின்றிருப்பின் இக்கொள்கை வெறும் ஊகமாகவே முடிந்திருக்கும். ஸ்டௌடிங்கரின் பெருமை, இரு கொள்கைகளும் வேறு வேறு விளைவுகளைக் காட்டவேண்டிய சோதனைகளைத் தேர்ந்தெடுத்தமையில் உள்ளது. அவற்றுள் மூன்றனை ஈண்டுக் காண்போம்.

முதலாவது, ரப்பரோடு ஹைட்ரஜனைச் சேர்த்தல். ஹாரிஸ் கூறியவாறு இரட்டைப் பிணைப்பின் எஞ்சிய ஈர்ப்பே ரப்பரைத் திரட்டி வைக்குமாயின், ஹைட்ரஜனால் அவ்விரட்டைப் பிணைப்பை நீக்கியவுடன் திரள் சிதறுதல் வேண்டும். காய்ச்சி வடிக்கத்தக்க சிறு மூலக்கூறுகள் கிடைத்தல் வேண்டும். ஸ்டௌடிங்கரும் யாக்கோப் ஃப்ரிட்ஷியும் இச்சோதனையைச் செய்து 1922-இல் முடிவை வெளியிட்டனர். ஹைட்ரஜன் ஏறிய ரப்பரும் ரப்பரைப் போலவே கூழ்மக் கரைசல் தந்தது. சிதையாமல் வடிக்க இயலவில்லை. கட்டு அவிழ்ந்த பின்னும் திரள் சிதறவில்லையெனின், அது கட்டினால் நின்ற திரளன்று என்பது வெளிப்படை. இக்கட்டுரையிலேதான் 'பெருமூலக்கூறு' என்னும் பொருள்தரும் ஜெர்மன் சொல்லை ஸ்டௌடிங்கர் முதன்முதல் வழங்கினார். 1920-இல் கருத்தும் 1922-இல் சான்றும் பெயரும் தோன்றின என்னும் முறைவைப்பு நோக்கத்தக்கது.

இரண்டாவது, பார்மால்டிஹைடுச் சங்கிலிகளின் ஆராய்ச்சி. செல்லுலோசு நேரே ஆராய்தற்கு அரிய பொருளாதலின், அதற்கோர் எளிய மாதிரியாக இப்பொருளை அவர் தேர்ந்தார். சங்கிலியின் இரு முனைகளையும் அசெட்டிக் தொகுதியால் மூடி, குறைந்த நீளமுள்ளவை முதலாக மிகுந்த நீளமுள்ளவை ஈறாகத் தனித்தனியே பிரித்தெடுத்தார். நீளம் ஏற ஏறப் பண்புகள் படிப்படியே மாறிப் பெரிய பொருளின் பண்பை அணுகின. எக்ஸ் கதிர் காட்டிய படிக அலகோ சிறியதாகவே இருந்தது. ஒரு சங்கிலி பல படிக அலகுகளின் ஊடே தொடர்ந்து செல்லக்கூடும் என்பதும், எனவே சிறிய படிக அலகு பெரிய மூலக்கூற்றுக்குத் தடையன்று என்பதும் இதனால் தெளிவாயின.

மூன்றாவது, செல்லுலோசு, மாப்பொருள் முதலியவற்றை நீளம் குன்றாமல் வேறு சேர்மங்களாக மாற்றுதல். செல்லுலோசை அதன் அசெட்டேட்டாகவோ நைட்ரேட்டாகவோ மாற்றிய பின்னும், சங்கிலியிலுள்ள அலகுகளின் எண்ணிக்கை மாறாதிருத்தலை 1930-களில் அவரும் மாணவரும் காட்டினர். திரளாயின், ஈர்ப்புக்குக் காரணமான தொகுதிகள் மாறியவுடன் திரளின் அளவும் மாறுதல் வேண்டும். மலர்மாலையிலுள்ள ஒவ்வொரு பூவிற்கும் சாயமேற்றினாலும் பூக்களின் எண்ணிக்கை மாறாதது போன்றது இது.

6. எதிர்ப்பு

சான்றுகள் பெருகியும் எதிர்ப்பு விரைவில் ஓயவில்லை. 1925-இல் சூரிச் வேதியியற் கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவைத் தொடர்ந்து கடும் வாதம் நிகழ்ந்தது. இறுதியில் அவர், மார்ட்டின் லூதர் கூறியதாக வழங்கும், தம் நிலையினின்று பெயரமாட்டேன் என்னும் உறுதிமொழியை எடுத்துரைத்து முடித்தார் என்று அவையிலிருந்தோர் வாயிலாக அறிகிறோம். லூதர் 1521-இல் பேரவை முன் நின்ற நகரம் வோர்ம்ஸ். ஸ்டௌடிங்கர் பிறந்த ஊரும் அதுவே.

1926-இல் அவர் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். அவ்வாண்டே டியூசெல்டார்ஃப் நகரில் ஜெர்மன் இயற்கை அறிவியலாரும் மருத்துவரும் கூடிய மாநாட்டில், பெருமூலக்கூறுகளுக்காக முழுமனத்தோடு வாதாடியவர் அவரே. ஹெர்மன் மார்க் என்னும் இளம் அறிஞர் மட்டும், படிக அலகின் சிறுமை பெரிய மூலக்கூற்றை மறுக்காது என்று எடுத்துக்காட்டினார். ஃபிரைபர்க்கில் அவருக்கு முன்னர் அப்பதவியிலிருந்த ஹைன்ரிக் வீலாண்ட், ஐயாயிரத்திற்கு மேற்பட்ட எடையுடைய கரிமச் சேர்ம மூலக்கூறுகள் இல்லையென்றும், பொருள்களை நன்கு தூய்மை செய்தால் அவை படிகமாகித் தம் சிறுமையைக் காட்டும் என்றும் நட்புரிமையோடு அறிவுறுத்தியதை ஸ்டௌடிங்கர் தம் நினைவுக் குறிப்புக்களிற் பதிந்துள்ளார். வீலாண்டும் நோபெல் பரிசு பெற்ற பேரறிஞர். தூய பொருள் என்பது ஒரே எடையுள்ள மூலக்கூறுகளால் ஆயது என்னும் நெறியிற் பயின்றவர்க்கு, நீளம் வேறுபட்ட சங்கிலிகளின் கலவையையும் ஒரு பொருள் என ஏற்பது அரிதாயிருந்தது.

கொள்கை வென்றமைக்குப் பிறர் பணியும் காரணமாகும். ஸ்வீடன் நாட்டுத் தியோடர் ஸ்வெட்பெர்க், மிகுவேகச் சுழற்பொறியால் புரதங்களின் எடை பல்லாயிரம் என்று அளந்து காட்டினார். அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ், 1928 முதல் ட்யூபாண்ட் நிறுவனத்தில், அறிந்த வினைகளைக் கொண்டே சிறு மூலக்கூறுகளைப் படிப்படியே இணைத்துச் சங்கிலிகளை ஆக்கினார். 1935-இல் நைலான் பிறந்தது. ஸ்டௌடிங்கர் இயற்கையின் சங்கிலியை அறுத்தும் மாற்றியும் அறிந்ததனைக் கரோதர்ஸ் தொடுத்துக் காட்டி உறுதிப்படுத்தினார்.

7. கொள்கையின் குறை

ஸ்டௌடிங்கரின் முடிவுகள் அனைத்தும் நிலைபெற்றன என்று கூறுதல் உண்மையாகாது. சங்கிலியின் நீளத்தை அளக்க எளிய வழியொன்றை அவர் வகுத்தார். கரைசல் எவ்வளவு பிசுபிசுப்பாக ஓடுகிறதோ அவ்வளவு சங்கிலி நீளமானது என்பதே அதன் அடிப்படை. பாகுத்தன்மையின் ஏற்றம் மூலக்கூற்றெடைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்று 1930-இல் அவர் விதி கூறினார். விலையுயர்ந்த கருவி வேண்டாத இம்முறை ஆய்வுக்கூடந்தோறும் பரவிற்று. ஆனால் அவ்விதிக்கு அடிப்படையாக, சங்கிலிகள் கரைசலில் விறைத்த கோல்களைப் போல் நீண்டு நிற்கின்றன என்று அவர் கொண்டது பிழையாயிற்று. அவை பெரும்பாலும் நூற்சிக்கல் போல் வளைந்து சுருண்டு கிடப்பன என்று வெர்னர் கூனும் பிறரும் காட்டினர். நேர்விகிதமும் பொதுவிதியாகாது என்பது தெளிந்தது. ரப்பரின் நெகிழ்ச்சிக்குக் காரணமே அவ்வளைவுதான். இழுத்தால் சுருள் நீள்கிறது, விட்டால் மீண்டும் சுருள்கிறது. பிறர் மறுத்தபோது உறுதியாய் நின்று வென்றவர், இவ்விடத்தும் அவ்வுறுதியையே காட்டி நெடுங்காலம் தம் கருத்தைக் கைவிடாதிருந்தார். உறுதி ஒன்றே உண்மைக்குச் சான்றாகாது. சான்றோடு கூடிய உறுதியே போற்றத்தக்கது என்பதனை அவர் வாழ்வே இருபுறமும் காட்டுகிறது.

8. போரும் அரசும்

ஆய்வுக்கூடத்திற்கு வெளியேயும் ஒருமுறை அவர் தனித்து நின்றார். முதல் உலகப்போரில் ஜெர்மனியின் நச்சுப்புகைப் போரை வழிநடத்தியவர் ஃபிரிட்ஸ் ஹாபர். கார்ல்ஸ்ரூஹேயில் ஸ்டௌடிங்கரோடு பணியாற்றியவர். 1917-இல் ஸ்டௌடிங்கர், இரு தரப்பினரின் தொழில்வளத்தையும் ஒப்பிட்டு, அமெரிக்கா போரிற் புகுந்தபின் ஜெர்மனி வெல்ல இயலாது என்று எழுதினார். 1919-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் இதழில், வேதியியல் போர்க்கருவியாவதனால் விளையும் கேட்டை எடுத்துரைத்தார். நாட்டின் இக்கட்டில் அதன் முதுகிற் குத்தினார் என்று ஹாபர் அவரைக் குறை கூறினார்.

அச்செயலுக்குரிய விலை பின்னர் வந்தது. 1933-இல் ஹிட்லரின் கட்சி ஆட்சிக்கு வந்தது. அப்போது ஃபிரைபர்க் பல்கலைக்கழகத் தலைவராயிருந்தவர் மெய்ப்பொருளறிஞர் மார்ட்டின் ஹைடெகர். முன்னைப் போரின்போது ஸ்டௌடிங்கர் கொண்டிருந்த நிலையைக் குற்றமாகக் காட்டி, 1934 பிப்ரவரியில் அவரைப் பதவிநீக்கம் செய்யுமாறு ஹைடெகர் அரசுக்கு எழுதினார். ஸ்டௌடிங்கர் பதவிவிலகல் கடிதம் தரும்படி நேர்ந்தது. அது நிறைவேற்றப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது. தலைமேல் தொங்கும் வாள்போல் அக்கடிதம் இருக்க, அவர் பணியைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 27-இல் நிகழ்ந்த வான்தாக்குதலில் ஃபிரைபர்க் நகரின் பெரும்பகுதியோடு அவருடைய ஆய்வுநிலையமும் அழிவுற்றது.

9. முதுமையும் பரிசும்

அழிவிலிருந்து மீண்டெழுந்து, 1947-இல் பெருமூலக்கூற்று வேதியியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். 1951-இல் பேராசிரியப் பதவியினின்று ஓய்வு பெற்றார். 1953-இல், பெருமூலக்கூற்று வேதியியலிற் கண்ட உண்மைகளுக்காக வேதியியல் நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அப்போது அவர்க்கு வயது 72; முதற்கட்டுரை வெளிவந்து 33 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவருடைய மனைவியார் மாக்டா லாட்வியாவைச் சேர்ந்த தாவரவியலறிஞர். கணவரோடு கட்டுரைகள் எழுதியும் ஆய்வு நிகழ்த்தியும் துணைநின்றவர். இளமையிற் கைவிட்ட தாவரவியல் இவ்வாறு அவரை மீண்டும் வந்தடைந்தது. உயிர்ப்பொருள்களின் இயல்பை விளக்கப் பெருமூலக்கூறுகளே திறவுகோல் என்று 1947-இல் வெளியிட்ட நூலில் அவர் வற்புறுத்தினார். அவர் பரிசு பெற்ற 1953-ஆம் ஆண்டிலேயே, மரபுப்பண்பைத் தாங்கும் டி.என்.ஏ. இரட்டைச் சுருளாய் அமைந்த நீண்ட சங்கிலி என்று வாட்சனும் கிரிக்கும் அறிவித்தனர். 1965 செப்டம்பர் 8-ஆம் நாள் ஸ்டௌடிங்கர் ஃபிரைபர்க்கில் இயற்கை எய்தினார்.

10. கலைச்சொல்லும் கொள்கையும்

இனித் தமிழ்க் கலைச்சொற்களை நோக்குவோம். 'பாலிமர்' என்னும் சொல்லை 1833-இல் ஆக்கியவர் ஸ்வீடன் நாட்டு பெர்சீலியஸ். அணுக்களின் விகிதம் ஒத்து, மொத்த அளவு மடங்காய் வேறுபடும் பொருள்களை அவர் அச்சொல்லாற் குறித்தார். பல பகுதிகளையுடையது என்பதே சொற்பொருள். அதற்கு நேராகத் தமிழ்நாட்டில் 'பலபடி', 'பல்லுறுப்பி' என்பனவும், இலங்கையில் 'பல்பகுதியம்' என்பதும் வழங்குகின்றன. 'இருபடி', 'முப்படி' என்னும் கணித வழக்கிற்போல 'படி' என்பது பெருக்கத்தை உணர்த்தலின், 'பலபடி' பெர்சீலியஸ் கருதிய பொருளுக்கு அண்மையது. 'உறுப்பு' என்பது முழுமையான ஓர் உடலை அவாவி நிற்றலின், 'பல்லுறுப்பி' ஸ்டௌடிங்கர் கருத்தை ஓரளவு தழுவுகிறது. 'பகுதி' என்பதோ, பகுதிகள் இணைந்தனவா, திரண்டனவா என்பதை வரையறுக்கவில்லை.

'பெருமூலக்கூறு' என்னும் சொல் இவற்றினின்றும் வேறானது. எத்துணைப் பெரிதாயினும் அது மூலக்கூறே, ஒன்றே என்று அச்சொல் துணிந்துரைக்கிறது. ஆதலின் 'பலபடி'யும் 'பெருமூலக்கூறு'ம் ஒருபொருட்சொற்கள் எனக் கொண்டு ஒன்றன் இடத்தில் மற்றொன்றை மயங்க வழங்குதல் நன்றன்று. அலகுகள் மீண்டு மீண்டு வருதலை முன்னது குறிக்கும். பிணைப்பின் ஒருமையைப் பின்னது குறிக்கும். பல்வேறு அமினோ அமிலங்கள் ஒழுங்குற நின்ற புரதத்தைப் பெருமூலக்கூறு என்பது எவ்வகையானும் பொருந்தும். ஒரே அலகு திரும்பத் திரும்ப வரும் பாலிஸ்டைரீனை இரு பெயராலும் வழங்கலாம்.

11. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஸ்டௌடிங்கர் புதியதொரு பொருளைக் கண்டவர் என்பதினும், எல்லாரும் கண்டிருந்த பொருள்களின் ஒருமையைக் கண்டவர் என்பதே பொருத்தமாம். மூலக்கூறு சிறியதாகவே இருத்தல் வேண்டும் என்பது இயற்கையின் விதியன்று. அன்றுவரை அளக்க இயன்றவற்றின் பழக்கமே. பழக்கத்தை விதியென மயங்கிய கருத்தினின்று வேதியியலை விடுவித்தவர் அவர். குவியல் என்று கருதப்பட்டதனைக் கோவை என்று காட்டிய அவ்வறிவே, இன்று நாம் உடுக்கும் இழையையும் உடலின் மரபுப்பண்பையும் ஒரே இயலின்கண் வைத்து ஆராய வழிவகுத்தது. 1999-இல் ஜெர்மன், அமெரிக்க வேதியியற் கழகங்கள் இணைந்து, ஃபிரைபர்க்கில் அவர் பணியாற்றிய இடத்தை வேதியியல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தன.